கர்ப்ப காலத்தில் சுகர் பார்ப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் ஆலோசனை சொல்வது என் வேலை. மருந்து எழுதுவது டாக்டர். மீட்டரை எப்படிப் பிடிப்பது, நோட்டில் என்ன எழுதுவது, இட்லி எத்தனை என்பதெல்லாம் என் பாடு. கர்ப்பிணிகள் என்னிடம் அதிகம் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். முன்பே டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை), டைப் 2 (சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை) உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு ஊசி அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

எனக்குச் சுகரே கிடையாது. குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து, ஒரே ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு, சர்க்கரை இருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வைப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வார்கள். இதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னையின் டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் முன்வைத்து, மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் ஏறிய முறை இது. இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பெண்ணிடம் "நாளைக்குச் சாப்பிடாமல் வாம்மா" என்று சொல்லி அனுப்பினால், திரும்பி வருவது சந்தேகம்தான். அந்த யதார்த்தம் தெரிந்தவர்கள் வகுத்தது. டாக்டர் சேஷையா பிறந்த நாளான மார்ச் 10 இன்று நம் நாட்டில் கர்ப்ப காலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாள்.

முதல் செக்கப்பில் ஒரு முறை எடுப்பார்கள். அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் டெஸ்ட் செல்லாது, மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

சில மருத்துவமனைகளில் வெறும் வயிற்றில் வரச் சொல்லி மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அங்கே எல்லைகள் வெறும் வயிற்றில் 92, குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. மூன்றில் ஒன்றைத் தொட்டாலே சர்க்கரைதான். அது வேறு முறை. பக்கத்து வீட்டு அக்காவின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

என் அப்பாவுக்குச் சாப்பிட்ட பின் 180 வரை பரவாயில்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

உங்கள் ரத்தத்துச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். உங்கள் இன்சுலின் போகாது. அம்மாவுக்கு ஏறினால் குழந்தையின் கணையம்தான் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்க வேண்டும். இன்சுலின் வளர்ச்சிக்கும் உரம் போன்றது. குழந்தையின் தோளும் வயிறும் பெருக்கும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், சுரந்து பழகிய இன்சுலின் நிற்காது. அதனால்தான் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்கு லோ சுகர் வருகிறது. டென்மார்க்கின் மருத்துவர் பெடர்சன் பல பத்தாண்டுகளுக்கு முன்பு சொன்ன விளக்கம் இது. இன்றும் இதை வைத்துத்தான் நாங்கள் புரியவைக்கிறோம்.

2008-இல் ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்த ஹேப்போ என்ற ஆய்வு வந்தது. இந்த எண் வரை ஆபத்தில்லை, இதற்கு மேல்தான் ஆபத்து என்று கோடு போட முடியவில்லை. அம்மாவின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் சீராக ஏறியது என்று அது காட்டியது. அதனால் 141 வந்த அன்று இடிந்து போகவும் வேண்டாம், 139 வந்த அன்று பாயசம் வைக்கவும் வேண்டாம்.

சரி, எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும்?

வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. இன்சுலின் போடுபவர்கள் 70-க்குக் கீழே இறங்கவும் கூடாது.

லண்டனிலும் டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் இருந்து கேட்பவர்களுக்கு: உங்கள் மீட்டரில் 5.3 என்று வருவது இங்கே 95, 6.7 என்பது 120, 7.8 என்பது 140. 18-ஆல் பெருக்கினால் எங்கள் கணக்கு வந்துவிடும். உங்கள் ஊர் டாக்டர் சற்று வேறு எல்லை கொடுத்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை குத்திப் பார்க்க வேண்டும்?

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கு நான்கு: காலை எழுந்ததும், அப்புறம் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின். பல வேளை இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடும் முன்பும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊசி அளவு அதை வைத்துத்தான். படுக்கும் முன் ஒன்று சேர்த்தால் ஏழு ஆகிவிடும். சில நாள் நடுஇரவிலும்.

மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலை எனக்குத் தெரியும். கட்டுப்படியாகவில்லை என்றால் நிறுத்திவிடாதீர்கள். இன்று காலையும் டிபனுக்குப் பின்னும், நாளை காலையும் மதியத்துக்குப் பின்னும், மறுநாள் காலையும் இரவுக்குப் பின்னும் என்று சுழற்றிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மூன்று நாளில் முழு நாளின் படம் கிடைத்துவிடும். டைப் 1 உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கனம் ஆகாது.

சாப்பிட்ட பின் என்றால் கை கழுவியதில் இருந்தா?

இல்லை, முதல் வாய் எடுத்து வைத்ததில் இருந்து. நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே, நடுவில் எழுந்து தோசை வார்த்துக்கொண்டே சாப்பிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். முடித்ததில் இருந்து கணக்கு வைத்தால் உச்சம் தாண்டிப் போயிருக்கும். முதல் வாய்க்கே போனில் அலாரம் வைத்துவிடுங்கள். ஒரு மணியா இரண்டு மணியா என்பதை டாக்டர் சொன்னபடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள். எது குறைவாகக் காட்டுகிறதோ அதை எழுதுவது என்று ஆரம்பித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

நோட்டில் என்ன எழுத வேண்டும்? மீட்டரே ஞாபகம் வைத்திருக்கிறதே?

மீட்டருக்கு எண்தான் ஞாபகம் இருக்கும். அன்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு வரி போதும்: "செவ்வாய், டிபன், 3 இட்லி, தேங்காய்ச் சட்னி, நடக்கவில்லை, 1 மணி, 158." மறுநாள் "2 இட்லி, 1 முட்டை, சாம்பார் காய் நிறைய, 15 நிமிடம் நடை, 127." இந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எனக்கு வேலை முடிந்துவிடும், உங்களுக்கும் விடை தெரிந்துவிடும். 158, 127 என்று மட்டும் எழுதி வந்தால் நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், உங்களுக்கும் பத்து நாள் கழித்து ஒன்றும் நினைவிருக்காது. தூக்கமில்லை, சளி, வீட்டில் சண்டை, ஊசி போட மறந்தது, கல்யாண வீடு என்று எது நடந்தாலும் ஓரத்தில் குறியுங்கள்.

இதில் இன்னொன்று சொல்ல வேண்டும். பதினைந்து நாள் கணக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 92, 118, 94, 116 என்று வரிசையாக வந்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். மீட்டரில் பட்டனை அமுக்கினால் உண்மை வந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கோபம் வருவதில்லை, வருத்தம்தான். போன தடவை யாரோ திட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் வீட்டில் "வாயைக் கட்டத் தெரியாதா" என்று கேட்டிருப்பார்கள். இது பரீட்சை மார்க் இல்லை. நீங்கள் எழுதிய 92-ஐ நம்பி டாக்டர் ஊசியைக் கூட்டாமல் விட்டால், உண்மையான 124 குழந்தையிடம் போய்ச் சேரும். அதிகமாக வந்த எண்தான் எங்களுக்கு அதிகம் பயன்படும். அதை ஒளிக்காதீர்கள்.

லேபில் 112, என் மீட்டரில் அதே நேரம் 124. மீட்டர் கோளாறா?

இல்லை. 100-க்கு மேல் போகும்போது லேபுக்கும் மீட்டருக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்றுதான் சர்வதேசத் தரமே வைத்திருக்கிறார்கள். விரல் ரத்தத்தில், அதுவும் சாப்பிட்ட பிறகு, கை நரம்பில் எடுப்பதைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். இதைவிடப் பெரிய தவறுகள் வீட்டில்தான் நடக்கின்றன. மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திவிட்டு 260 வந்தது என்று அழுதுகொண்டே போன் செய்தவர் உண்டு. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது 118. ஈரக் கையும் ஆகாது, ரத்தம் நீர்த்துப் போகும். ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். மூடியைத் திறந்து போட்டால் ஈரக்காற்று பட்டே கெட்டுவிடும்.

எந்த விரலில் குத்தினால் வலிக்காது?

நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள். விரலை மாற்றிக்கொண்டே இருங்கள். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவினால் பிதுக்க வேண்டியிருக்காது.

மற்ற வேளையெல்லாம் நன்றாக இருக்கிறது, காலையில் மட்டும் 104, 108. இரவு ஒன்றுமே சாப்பிடுவதில்லையே!

அந்த "ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. காலைச் சர்க்கரை நேற்று இரவுச் சாப்பாட்டின் கணக்கு மட்டும் இல்லை. விடியற்காலையில் உடம்பில் சில ஹார்மோன்கள் ஏறும், கல்லீரல் தன் இருப்பில் இருந்து சர்க்கரையை வெளியே விடும். கர்ப்பத்தில் இது இன்னும் கூடும். பட்டினி கிடந்தால் இது அடங்காது. உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலம்தான் ரத்தத்தில் சேரும்.

இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு, சற்று நடந்து, படுக்கும் முன் சர்க்கரை போடாத பால் அரை டம்ளரோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு தடவை குத்திப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இது முக்கியம். இரவில் இறங்கிப் போய்க் காலையில் ஏறுகிறதா, இல்லை இரவெல்லாம் மேலேயே இருக்கிறதா என்று தெரிந்தால்தான் டாக்டர் முடிவு செய்ய முடியும். இவ்வளவு செய்தும் 95-க்கு மேலேயே நின்றால், நீங்கள் ஏதோ தவறு செய்ததாக அர்த்தம் இல்லை. இரவு ஊசியோ மெட்ஃபார்மின் மாத்திரையோ தேவைப்படலாம், அவ்வளவுதான்.

கேழ்வரகுக் கஞ்சி சுகருக்கு நல்லது என்று மாமியார் தினமும் தருகிறார். ஆனால் 170 வருகிறது.

கேழ்வரகு நல்ல தானியம்தான். மாவாக அரைத்து, கரைத்து, குழைய வேகவைத்துக் குடித்தால் வயிற்றுக்கு வேலையே இல்லை, சர்ரென்று ஏறிவிடும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, கொஞ்சம் கடலைச் சட்னியோடு சாப்பிட்டுப் பாருங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். இரண்டு நாள் இரண்டையும் சாப்பிட்டு, அவர் எதிரிலேயே ஒரு மணி நேரம் கழித்துக் குத்தி எண்ணைக் காட்டுங்கள். என் அனுபவத்தில் மாமியார்கள் என் பேச்சைவிட மீட்டரின் பேச்சைத்தான் கேட்கிறார்கள்.

சப்பாத்தியும் மருந்து இல்லை. நான்கு சப்பாத்தி உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிட்டால், அளவான சோறும் கீரைக் கூட்டும் மீனும் சாப்பிட்டதைவிட ஏறும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் மீட்டருக்குச் சர்க்கரைதான். குங்குமப்பூப் பால் குடிக்கலாம். அதில் போடும் இரண்டு ஸ்பூன் சீனிதான் பிரச்சினை. தட்டில் முதலில் காயும் பருப்பும் முட்டையும் போகட்டும், சோறு கடைசியில். எழுந்து பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தால்கூட எண்ணில் தெரியும், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லாதிருந்தால்.

அடுத்த வாரம் வளைகாப்பு. என்ன செய்வது?

சந்தோஷமாக வளையல் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டில்தான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை இருந்தாலும் ஐந்தும் அரிசிதானே. எல்லாவற்றிலும் ஒரு கரண்டி என்றாலே ஐந்து கரண்டி. பிடித்த இரண்டைத் தேர்ந்து, கூடவே சுண்டலும் காய்ப் பொரியலும் வைக்கச் சொல்லிவிடுங்கள். வாயில் ஊட்ட வருகிறவர்கள் பத்துப் பேர் என்றால் சர்க்கரைப் பொங்கல் தட்டை உங்கள் அக்காவிடம் கொடுத்து ஒளிக்கச் சொல்லுங்கள். வேறு வழியில்லை. அன்று 165 வந்தால் "வளைகாப்பு" என்று பக்கத்தில் எழுதுங்கள். மறுநாள் பழையபடி இருங்கள், ஈடுகட்டப் பட்டினி வேண்டாம். அம்மா வீட்டுக்குப் போகும்போது மீட்டர், ஸ்ட்ரிப், நோட்டு மூன்றையும் முதல் பையில் வையுங்கள்.

திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, 62 காட்டியது. என்ன செய்ய?

70-க்குக் கீழே என்றால் அதே இடத்தில் உட்கார்ந்து, குளுக்கோஸ் பொடியோ சீனியோ மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி அதே. ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

டைப் 1 உள்ளவர்களுக்கு முதல் மூன்று நான்கு மாதத்தில் இது அடிக்கடி வரும். மசக்கை வாந்தியும் சேர்ந்துகொள்ளும். தலைமாட்டில் குளுக்கோஸ் இல்லாமல் படுக்காதீர்கள்.

ஐந்தாம் மாதத்தில் இருந்து ஊசி அளவு ஏறிக்கொண்டே போகிறது. நோய் முற்றுகிறதா?

இல்லை. நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது. கடைசியில் முன்பைவிட இரண்டு மடங்கு, அதற்கு மேலும் தேவைப்படுவது சகஜம். இன்சுலின் குழந்தையிடம் போகாது என்பதை மறக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. கடைசி மாதங்களில் சாப்பாடும் ஊசியும் அப்படியே இருக்க, சர்க்கரை திடீரென்று இறங்க ஆரம்பித்தால் "அப்பாடா, குறைந்துவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கலாம். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

கையில் ஒட்டும் சென்சார் வாங்கலாமா?

டைப் 1 என்றால், முடிந்தால் வாங்குங்கள். 2017-இல் வந்த கான்செப்ட் ஆய்வில் சென்சார் போட்டவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் லோ சுகரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நேரம் இருப்பதும் குறைவாக இருந்தன. அவர்களுக்கு இலக்கு, நாளில் 70 சதவீதத்துக்கு மேலான நேரம் 63-க்கும் 140-க்கும் இடையே இருப்பது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

சென்சார் தோலுக்கு அடியில் உள்ள நீரில் அளக்கிறது, ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். போட்ட கையின் மேலேயே சாய்ந்து தூங்கினால் பொய்யாக லோ காட்டி எழுப்பிவிடும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துவராதபோது விரலில் குத்திப் பாருங்கள்.

எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 5.6 வந்திருக்கிறது. இனி தினமும் பார்க்க வேண்டாம்தானே?

பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதால் அந்தச் சராசரி குறைவாகவே காட்டும். இரும்புச்சத்து குறைந்தால் கூடுதலாகவும் காட்டும். தவிர, காலை 160, இரவு 60 என்று ஆடுகிறவருக்கும் சராசரி அழகாகத்தான் வரும்.

குறைமாதப் பிரசவமாகலாம் என்று குழந்தையின் நுரையீரலுக்காக ஊசி போட்டார்கள். மறுநாளே 210!

அது ஸ்டீராய்டு ஊசி. சில மணி நேரத்தில் சர்க்கரையை ஏற்றிவிட்டு நான்கைந்து நாள் அப்படியே வைத்திருக்கும். குழந்தைக்கு அவசியமான ஊசி என்பதால் சர்க்கரைக்குப் பயந்து மறுக்காதீர்கள். அந்த நாட்களில் அடிக்கடி குத்தி, இன்சுலினைக் கூட்டிச் சமாளிப்பார்கள்.

காய்ச்சல், வாந்தி. சாப்பிடவே முடியவில்லை. இன்சுலினை நிறுத்தலாமா?

டைப் 1 உள்ளவர்கள் ஒருபோதும் முழுதாக நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். மீட்டர் 170 காட்டுகிறது என்று ஏமாந்துவிடாமல் கீட்டோன் பாருங்கள். வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. மற்றவர்களும் அன்றே டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அளவை மாற்ற வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு?

நஞ்சுக்கொடி வெளியே வந்ததுமே இன்சுலின் தேவை விழுந்துவிடும். கர்ப்பத்தில் புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அன்றோடு ஊசி நின்றுவிடும். டைப் 1 உள்ளவர்கள் கர்ப்ப கால அளவையே போட்டால் லோ ஆகிவிடுவார்கள். பால் கொடுப்பதும் சர்க்கரையை இறக்கும், அதனால் பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஏதாவது தின்ன இருக்கட்டும். குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், பதறாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்து, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் தொடர்ந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

கர்ப்பத்தில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் ஆறு வாரம் கழித்து, இந்தத் தடவை வெறும் வயிற்றோடு வந்து, மறுபடி அந்த 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் செய்ய வேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள் தன் டெஸ்டை மறந்துவிடுகிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடுங்கள். அதன்பிறகு வருடம் ஒரு தடவை. அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைத்தால் கர்ப்பம் ஆவதற்கு முன்பே வந்து பாருங்கள். இதயமும் தண்டுவடமும் உருவாவது முதல் எட்டு வாரத்தில், அப்போது பல பேருக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

மிச்சம் முப்பது ஸ்ட்ரிப் இருக்கிறது. மாமனார் பயன்படுத்தலாமா?

அதே மீட்டர் என்றால் தாராளமாக, டப்பாவில் உள்ள தேதியைப் பார்த்துக்கொண்டு. குத்தும் பேனாவும் ஊசியும் மட்டும் அவருக்குத் தனியாகப் புதிதாக வேண்டும், அதைப் பகிரக் கூடாது. அவருடைய இலக்கு வேறு. உங்கள் 120-ஐக் காட்டி அவரை மிரட்டாதீர்கள்.